தீனிப்பையில் தையல் போட்ட கோழி தேறிவர

வாசகி கேட்டது:

"திருக்கடலூரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வளவில் ஏழெட்டு ஊர்க்கோழிகள் நிற்கின்றன. அதில் ஒன்று, பிள்ளைகள் சிவப்பி என்று கூப்பிடுவார்கள், ஒரு கிழமையாகத் தீன் எடுக்காமல் சுருண்டு நின்றது. நெஞ்சுக்கு மேலே கெட்டியாக ஒரு வீக்கம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். தீனிப்பையைத் திறந்து, இவர் வீட்டில் வலை திருத்தும் தங்கூசி (நைலோன்) நூலும் புல்லுமாகச் சுருண்டு கிடந்ததை வெளியே எடுத்துத் தைத்துவிட்டார். இன்று ஐந்தாம் நாள். பகலில் தானாகக் கொஞ்சம் சாப்பிடுகிறது. ஆனால் பொழுதுபடும் நேரத்தில் அதே இடம் திரும்பவும் புடைத்து நிற்கிறது. தையலைச் சுற்றிப் பச்சையாகவும் இருக்கிறது. அழுகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. யூடியூபில் பார்த்துப் பெட்டிக்குள் ஒரு பல்ப் போட்டிருக்கிறேன். மாமி மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசச் சொல்கிறார். பிள்ளைகள் பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தீத்துகிறார்கள். அடைப்பு வராமல் இருக்க அந்த இடத்தைத் தடவி விடலாமா? நேற்று ஒரு முட்டை இட்டது, அதைச் சாப்பிடலாமா? மற்றக் கோழிகளோடு எப்போது விடலாம்? இவர், 'இவ்வளவு பாடுபட்டதற்குக் கறியாக்கியிருக்கலாம்' என்கிறார்."

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

பொழுதுபடும் நேரத்தில் தீனிப்பை புடைத்து நிற்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கோழி இருட்டுவதற்கு முன் இரவுக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அடையும். கழுத்து முடியும் இடத்தில், வலப்பக்கமாக இருக்கும் அந்தப் பை தீனைச் சேமிக்கும் இடம். அங்கே தீன் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, முதலில் அமிலம் சுரக்கும் இரைப்பைக்கும் பிறகு சின்னக் கற்கள் கிடக்கும் அரைவைப்பைக்கும் போகும். இரவு முழுவதும் இந்த வேலை நடந்தால், விடியும்போது தீனிப்பை வெறுமையாக இருக்கும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய நேரம் மாலை இல்லை, விடியற்காலை.

இன்றிரவு இருட்டியதும் பெட்டிக்குள் இருக்கும் தீனை எடுத்துவிடுங்கள். தண்ணீர் இருக்கட்டும். காலையில் எதையும் வைக்கும் முன் சிவப்பியைத் தூக்கி, இறக்கைகள் விரியாதபடி இடக்கைக்கும் விலாவுக்கும் நடுவில் அணைத்துக்கொள்ளுங்கள். தலை முன்பக்கம் பார்க்கட்டும். வலக்கையின் இரண்டு விரல்களைத் தட்டையாக வைத்து, தையலுக்குப் பக்கத்தில், தையலின் மேலே இல்லாமல், மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அழுத்த வேண்டாம். தோல் தளர்ந்து, உள்ளே ஒன்றும் தட்டுப்படாமல் இருந்தால் சிவப்பியின் வயிறு வேலை செய்கிறது, அன்றைக்குத் தைரியமாகத் தீன் வைக்கலாம். கொஞ்சம் மென்மையாக ஏதோ மிச்சம் இருப்பதாகத் தெரிந்தால் முதல் வேளைத் தீனைத் தள்ளிப்போட்டு, தண்ணீர் மட்டும் வைத்து, இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் இறங்கிவிடும்.

வேறு இரண்டு விதமாகவும் இருக்கலாம், அவை அவசரம். ஒன்று, முதல்நாள் இரவு இருந்த அதே அளவு, பிசைந்த மாப் போல அப்படியே கிடப்பது. மற்றது, உள்ளே தண்ணீர் தளும்பி, அலகைத் திறந்தால் புளித்த வாடை அடிப்பது. முதலாவது திரும்ப அடைப்பு. இரண்டாவது, தேங்கிய தீனில் ஈஸ்ட் பூஞ்சை பெருகிவிட்டதற்கு அடையாளம். இரண்டில் எதைக் கண்டாலும் அன்றைக்கே அறுவை செய்த வைத்தியரிடம் போங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்கச் செய்யும் வீடியோக்கள் நிறைய உலாவுகின்றன. அதைச் செய்யவே வேண்டாம். வாய்க்கு வரும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கி, தையல் நன்றாக இருந்தும் கோழி சாகும்.

தடவி விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அறுவைக்கு முன்பு, அடைப்பு இறுகாத நிலையில், சிலருக்கு அப்படிச் சொல்லிக்கொடுப்பது உண்டு. தைத்த பிறகு கூடாது. தையல் பிரித்து வைத்தியர் சரி என்று சொல்லும்வரை, காலையில் தொட்டுப் பார்ப்பதைத் தவிர அந்த இடத்தில் கை வைக்க வேண்டாம்.

இதைச் சொல்லும்போது முக்கியமான விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். இப்படிப்பட்ட கோழிகளில் நான் பார்த்த அளவில், அறுவை மேசையில் போவது குறைவு. வீட்டுக்கு வந்தபிறகு, பாவம் பட்டினி கிடந்தது என்று ஆளாளுக்கு ஊட்டி, அதனால் போவதுதான் கூட. வைத்தியர் அங்கே இரண்டு தையல்கள் போட்டிருப்பார். உள்ளே தீனிப்பையின் சுவருக்கு ஒன்று, அதன் மேலே தோலுக்கு ஒன்று. வெளியே தெரிவது தோல் தையல் மட்டும். உள்ளே இருக்கும் சுவர், ஒரு கிழமையாக அந்த நூல்பந்தைச் சுமந்து இழுபட்டு மெலிந்த சுவர். முதல் நாட்களில், முக்கியமாக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை, வெட்டின இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது நூல்தான். சதை இன்னும் சரியாகப் பற்றியிருக்காது. அந்த நேரத்தில் பை நிரம்பித் தளும்பினால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். நீங்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டும் இடத்தில் நிற்கிறீர்கள். இன்னும் சில நாள் கையை அடக்க வேண்டும்.

பாணையும் தேத்தண்ணீரையும் இன்றோடு நிறுத்துங்கள். பாண் தீனிப்பைக்குள் போனால் ஒட்டிக் களியாகி இறுகும். தேயிலைச் சாயமும் சீனியும் கோழிக்கு ஒரு நன்மையும் செய்யாது. சீனி, ஏற்கெனவே மந்தமாக இருக்கும் தீனிப்பையில் ஈஸ்ட் வளர இடம் கொடுக்கும். வெறும் சோறும் கஞ்சியும் மட்டும் கொடுக்கிற வீடுகளும் உண்டு. கஞ்சி வயிற்றுக்கு இதம், ஆனால் காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீனையே எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, கட்டியில்லாமல் கூழாகக் கரையுங்கள். அவித்த முட்டையில் கால்வாசியை விரலால் நசித்து அதோடு சேருங்கள். உப்பு வேண்டாம், கறிமிச்சம் வேண்டாம். ஒரு தடவைக்கு இரண்டு மேசைக்கரண்டி, பகலில் ஐந்து அல்லது ஆறு தடவை. அதற்கு மேல் கேட்டு அலகால் தட்டைத் தட்டினாலும் அடுத்த நேரம்வரை பொறுக்கட்டும். பசி இருப்பது நல்ல அறிகுறி. கூழை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கரையுங்கள். நமது வெயிலில் ஊறவைத்த தீன் சில மணித்தியாலத்திலேயே புளித்துவிடும்.

ஒரு தேக்கரண்டி தயிர் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் பால் வேண்டாம், பறவைகளுக்குப் பால் சீரணிக்காது.

சிவப்பி தானாகக் கொத்திச் சாப்பிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தீத்துவதே தேவையில்லை. பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கோழியின் மூச்சுக்குழாய் வாசல், நாக்கு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், வாயைத் திறந்தவுடன் தெரியும் ஒரு சின்னப் பிளவு. நமக்கு இருப்பது போல அதை மூடுவதற்குக் குரல்வளை மூடி கிடையாது. வாய்க்குள் சிரிஞ்சால் பீய்ச்சினால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். என்றாவது ஒருநாள் அது தண்ணீர் குடிக்காமல் சோர்ந்து இருந்தால், சிரிஞ்சு நுனியில் ஒரு துளியை அலகின் ஓரத்தில், வெளிப்பக்கமாகத் தொட்டு வையுங்கள். துளி தானாக உள்ளே ஊறும், கோழி தலையை நிமிர்த்தி விழுங்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த துளி. நேரம் எடுக்கும் வேலைதான், ஆனால் வேறு வழியில் செய்யக்கூடாது. அப்படியான நாளில் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொடி) பொதியில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து அரை நாளைக்கு வைக்கலாம். பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை வேண்டுமானால் நிறுக்கும் வேலையைக் கொடுங்கள். சமையலறைத் தராசில் ஒரு பேசினை வைத்து, அதில் சிவப்பியை இருத்தி, தினமும் காலையில் தீன் வைக்கும் முன் நிறுத்து, கலண்டரில் எழுதட்டும். ஊர்க்கோழிப் பேடு சாதாரணமாக ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரும். அறுவைக்குப் பிறகு கொஞ்சம் இறங்கி நிற்கும், பிறகு ஏற வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் இறங்கினாலோ, மொத்தத்தில் 100 கிராமுக்கு மேல் குறைந்தாலோ, வெளியே பார்க்க உசாராக இருந்தாலும் வைத்தியருக்கு அறிவியுங்கள். கோழி தன் நோயை மறைக்கும் பிராணி. தராசு மறைக்காது. தொட்ட பிறகு பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், கோழியில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம்.

இனிப் பச்சை நிறம். உங்கள் கடிதத்தில் உங்களை அதிகம் பயமுறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன். நமக்கு அடிபட்டால் முதலில் கருநீலமாகி, பிறகு பச்சையாகி, கடைசியில் மஞ்சளாகும். கண்டிய இரத்தம் உடைந்து கரையும்போது வரும் நிறங்கள் அவை. கோழியின் உடம்பில் அந்தப் பச்சைப் பொருளை மஞ்சளாக மாற்றும் நொதியம் கிடையாது. அதனால் வெட்டின இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று நாளில் நல்ல பச்சையாகத் தெரியும். தொட்டால் தோல் மென்மையாக, சாதாரணச் சூட்டில், வாடை இல்லாமல் இருந்தால் அது வெறும் கண்டல். ஒரு கிழமை, பத்து நாளில் மங்கிவிடும்.

சீழ் பிடித்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருங்கள். நமக்கு வருவது போலக் கோழிக்குச் சீழ் வழியாது. கோழியின் சீழ் கட்டியாக, வெளிறிய மஞ்சளில், தோலுக்கடியில் உருண்டு கிடக்கும். ஆகவே ஈரத்தைத் தேடாமல், தையலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கெட்டியான கட்டி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். ஈரம் வேறொரு ஆபத்தைச் சொல்லும். சிவப்பி தண்ணீர் குடித்து முடித்ததும் தையலைக் கவனியுங்கள். அங்கே இறகு நனைந்தால், அல்லது கூழின் துணிக்கை தெரிந்தால், உள்தையல் விட்டு ஓட்டை விழுந்திருக்கிறது. அப்போது தீனையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு உடனே புறப்பட வேண்டும். அடுத்த நாள் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மஞ்சள் கெட்ட பொருள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மஞ்சள் பூசினால் நான் மேலே சொன்ன நிறம் எதையும் உங்களால் பார்க்க முடியாது. எண்ணெய் இறகுகளை ஒட்டவைத்து, தூசியைப் பிடித்து, தையலை நசநசவென்று வைத்திருக்கும். காயம் காய்ந்து இருக்க வேண்டும். அழுக்குப் பட்டால் மட்டும், கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, சுத்தமான துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பாமசியில் வாங்கும் சேலைனும் சரி. அதோடு ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறகை விலக்கி ஈ முட்டை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாக, அரிசி நொய் அளவில், கூட்டமாக ஒட்டியிருக்கும். நமது சூட்டில் அது ஒரு நாளிலேயே புழுவாகும். பெட்டியை நுளம்புவலையால் மூடிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பல்பைக் கழற்றிவிடுங்கள். அந்த ஆலோசனை குளிர்நாட்டுக்காரர் குளிர்நாட்டுக்குச் சொன்னது. கோழியின் உடற்சூடு சாதாரணமாகவே 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். கச்சான் காற்று அனலாக வீசும் இந்த நாட்களில் மூடிய பெட்டிக்குள் பல்பும் எரிந்தால், தேற வேண்டிய உடம்பு சூட்டோடு போராடியே களைத்துப்போகும். தகரக் கூரைக்குக் கீழேயும் வைக்காதீர்கள். ஓலைக் கூரை விறாந்தையோ, சமையலறைக்குப் பின்னால் வேம்பு நிழல் விழும் பக்கமோ நல்லது. இரவில் பூனையும் கீரியும் வராத இடமாக இருக்க வேண்டும். மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். கோழி அலகைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றால் சூடு கூட. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கால் சில்லென்று இருந்தால் மட்டும் சூடு தேவை. மாரி மழையில் அப்படி வரலாம், இப்போது வராது.

பெட்டிக்குள் என்ன விரித்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வைக்கோல், தும்பு, உரச்சாக்கு இவற்றில் எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். உரச்சாக்கின் ஓரத்தில் பிரியும் பிளாஸ்டிக் இழையை ஒவ்வொன்றாக உருவி விழுங்கிய கோழிகள் எங்களிடம் வருவது உண்டு. பழைய பத்திரிகைத்தாள் போதும், அழுக்கானதும் மாற்றலாம். எச்சமும் அதில் தெளிவாகத் தெரியும். மண்ணிறத்தில் மேலே வெள்ளை படிந்திருப்பது நல்ல எச்சம். இடைக்கிடை சாக்லேட் நிறத்தில் ஒட்டும் பதமாக வருவதும் இயல்புதான். தீன் குறைவாகச் சென்ற நாட்களில் பித்தத்தால் பச்சையாகக் கழியும், தீன் ஏற அது மாற வேண்டும். மண்ணிலும் சாம்பலிலும் புரள்வதற்குக் கொஞ்ச நாள் இடம் கொடுக்க வேண்டாம்.

மருந்தைச் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள், நடுவில் உசாரானது என்று நிறுத்த வேண்டாம். நோவுக்கு வைத்தியர் தந்தது தவிர வீட்டில் இருக்கும் எந்த மாத்திரையும் வேண்டாம். முக்கியமாக டைக்ளோபெனாக். முழங்கால் நோவுக்கு என்று அநேகமாக எல்லா வீட்டிலும் கிடக்கும் மாத்திரை அது. பறவைகளின் சிறுநீரகத்தை அது அழிக்கும். அந்த மருந்து ஏற்றப்பட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்றுதான் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006 இல் அங்கே கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள்.

நேற்றைய முட்டையைச் சாப்பிட வேண்டாம். கிருமியைக் கொல்லக் கொடுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து முட்டையிலும் இறங்கும். கடைசி மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து முட்டை எடுக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். தந்த வைத்தியரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், திகதியைக் கலண்டரில் குறியுங்கள். அதுவரை இடும் முட்டைகளைப் புதைத்துவிடுங்கள், நாய்க்கும் போட வேண்டாம். நேற்று இட்டது உடம்புக்குள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்த முட்டையாக இருக்கும். இனிக் கொஞ்ச நாள் முட்டை நின்றுபோகலாம், இறகும் உதிரலாம். அது உடம்பு தன்னைக் காப்பாற்றும் விதம், முட்டைக்காக எதையும் கொடுக்காதீர்கள். இதே காரணத்தால் உங்கள் கணவர் சொல்லும் கறிக்கும் இப்போது வழியில்லை. மருந்து உடம்பில் இருக்கும் கோழியின் இறைச்சியை யாரும் சாப்பிடக்கூடாது, உங்கள் பிள்ளைகள் சாப்பிடவே கூடாது. அது மட்டுமல்ல, அவர் செலவழித்து அறுவை செய்வித்த கோழி. அது தேறிவர இன்னும் இரண்டு கிழமை பொறுத்தால் போதும்.

எட்டாம் நாளிலிருந்து கூழைக் கொஞ்சம் தடிப்பாக்கி, ஒரு வேளைக்கு மூன்று நான்கு கரண்டியாகக் கூட்டி, தடவைகளைக் குறைக்கலாம். காலையில் தீனிப்பை வெறுமையாக இருந்தால்தான் கூட்ட வேண்டும். தோல் தையலை 10 முதல் 14 நாளுக்குள் வைத்தியர் பிரிப்பார். நீங்களே கத்தரிக்கோல் வைக்க வேண்டாம். உள்தையல் தானாகக் கரையும் நூல். தையல் பிரித்த பிறகு காய்ந்த தீன், அதன்பிறகு குறுணல், கடைசியில்தான் முழு நெல்லும் சோளமும். புல்லும் கீரையும் கொடுப்பதானால் கத்தியால் பொடியாக அரிந்து கொடுங்கள். நீளப் புல்தான் தங்கூசியோடு சேர்ந்து கயிறாகத் திரிந்தது. கல்லும் மணலும் கொத்த மூன்றாம் கிழமையில் விடலாம். பை இழுபட்டதால் பிறகும் கொஞ்சம் தொங்கியே இருக்கலாம். காலையில் வெறுமையாகிறதென்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மற்றக் கோழிகளோடு சேர்ப்பதற்கு அவசரப்படாதீர்கள். சிவப்பாக எதைக் கண்டாலும் கோழிகள் கொத்தும். அதுவும் நாள்கணக்கில் காணாத ஒன்று திரும்பி வந்தால் கூட்டம் அதைப் புதியவளாகத்தான் பார்க்கும். இப்போதே பெட்டியை மற்றவை தெரியும் இடத்தில், நடுவில் கம்பிவலை இருக்கும்படி வையுங்கள். தையல் பிரித்து, காயம் மூடி, இறகு முளைக்கத் தொடங்கியதும், குணமான ஒரு கோழியை முதலில் அதோடு சேர்த்து விடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, இருட்டும் நேரத்தில், மற்றவை அடைந்த பிறகு இரண்டையும் கூட்டுக்குள் வையுங்கள். காலையில் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

இவ்வளவும் செய்தும் விடியற்காலையில் தீனிப்பை இறங்காமல் இருந்தால், தங்கூசியின் ஒரு துண்டு அரைவைப்பையில் சிக்கியிருக்கலாம். நீங்கள் கேட்காத இன்னொரு காரணமும் உண்டு, உங்கள் வீட்டுக்கு அது பொருந்தும் என்பதால் சொல்கிறேன். வலையில் கோக்கும் ஈயக்குண்டு. கோழி அதைக் கல் என்று நினைத்து விழுங்கும். அரைவைப்பைக்குள் கிடந்து தேய்ந்து ஈயம் இரத்தத்தில் ஏறும்போது, தீனிப்பை அடைப்பே இல்லாமல் அசைவற்றுப் போகும். கொண்டை வெளிறும், கால் தளரும், தீன் எடுத்தாலும் எச்சம் பச்சைத் தண்ணீராகவே போகும். இந்தக் குறிகள் இருந்தால் வைத்தியரிடம் 'வீட்டில் வலை வேலை நடக்கிறது' என்று நீங்களே சொல்லி, எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஈயக்குண்டு அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஈயத்தை உடம்பிலிருந்து இறக்கும் மருந்து இருக்கிறது, நேரத்துக்குக் கொடுத்தால் கோழி தப்பும். அப்படி உறுதியானால் மற்றக் கோழிகளின் முட்டையையும் வைத்தியர் சொல்லும்வரை பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், ஈயம் முட்டை வழியாகவும் வரும்.

வலை திருத்தும் இடத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பிவலை அடித்தால் மட்டும் போதாது, ஊர்க்கோழி பறந்து தாண்டும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைக் கூட்டி, நூல் துண்டையும் குண்டையும் மூடியுள்ள ஒரு டப்பாவில் போடுவதுதான் வழி. இதை உங்கள் கணவரிடமே ஒப்படையுங்கள். வாடைக்காற்று பிறந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வலைகள் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும், அதற்கு முன்னதாகவே இந்தப் பழக்கம் வந்துவிட வேண்டும். அதுவரை வலை விரிக்கும் நேரத்தில் கோழிகளைக் கூட்டுக்குள் அடைத்து வையுங்கள்.